"மயக்கம்" என்றால் எந்த மயக்கம்? எம்.பி.பி.எஸ். மாணவர் கற்க வேண்டியவை

நாலைந்து வருடத்துக்கு முன்பு என் அம்மா இரண்டு நாளாக "மயக்கமா வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஓ.பி.யில் இருந்த இளம் டாக்டர் சீட்டில் ஏதோ குறித்தார், தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார், தலைச்சுற்றலுக்கு ஒரு மாத்திரை எழுதினார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மயக்கமும் நிற்கவில்லை. அடுத்த வாரம் எங்கள் தெருவிலேயே இருக்கும், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டாக்டரிடம் போனோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "மயக்கம்னா எப்படிம்மா? படுக்கையில புரண்டு படுத்தா வீடே சுத்துதா? இல்ல, உட்கார்ந்துட்டு எழுந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வருதா? இல்ல, சோத்தைப் பார்த்தாலே குமட்டுதா?" அம்மா இரண்டாவது என்றார். படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒரு முறை பிரஷர் பார்த்தார். எழுந்து நின்றதும் பிரஷர் விழுந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். அதைக் குறைத்ததும் அம்மா பழையபடி நடமாட ஆரம்பித்துவிட்டார்.

முதலில் பார்த்த டாக்டரைப் படிக்காதவர் என்று சொல்லமாட்டேன். தலைச்சுற்றலுக்கு என்னென்ன காரணம் என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் பதினைந்து சொல்லியிருப்பார். நின்றால் பிரஷர் விழுவதும் அந்தப் பதினைந்தில் ஒன்றாக இருந்திருக்கும். ஒரு அம்மா தமிழில் "மயக்கம்" என்றால் அதற்குள் மூன்று நான்கு விஷயம் கிடக்கும், பிரித்துக் கேட்க வேண்டும் என்பதை யாரும் அவர் பக்கத்தில் நின்று காட்டவில்லை. காட்டியிருந்தாலும் எந்தப் பரீட்சையிலும் அது வந்திருக்காது. மருத்துவ மாணவர்கள் எதைக் கற்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் புதிதாக எதைச் சேர்க்கலாம் என்றே யோசிக்கிறோம். சேர்க்க வேண்டியதில் பெரும்பகுதி ஏற்கெனவே பாடத்திட்டத்தில் ஏறிவிட்டது. யார் காட்டிக்கொடுப்பது, எந்தப் பரீட்சை அதைக் கேட்கும் என்ற இரண்டு கேள்விதான் பாக்கி.

காகிதத்தில் இருப்பது

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். என்பது நாலரை வருடப் படிப்பும் ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் சேர்ந்த ஐந்தரை வருடம். முதலில் உடற்கூறியலும் உடலியங்கியலும் உயிர்வேதியியலும். அப்புறம் நோயியல், மருந்தியல் வகையறா. கடைசியில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள் நலம். 1997இல் வந்த விதிமுறைகள் 22 ஆண்டுகள் அப்படியே ஓடின. 2019இல் சேர்ந்த மாணவர்களிலிருந்துதான் "திறன் சார்ந்த பாடத்திட்டம்" என்ற புதிய முறை நடைமுறைக்கு வந்தது. அப்போதிருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் அதை 3 தொகுதிகளாக வெளியிட்டது. 2020 செப்டம்பரில் கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்த பிறகும் அந்த அடிப்படை மாறவில்லை.

என்ன வித்தியாசம் என்றால், பழைய முறை "இன்சுலின் பற்றி விவரி" என்று கேட்கும். புதிய முறை, ஊசியைப் பார்த்தாலே பயப்படும் ஒரு சர்க்கரை நோயாளிக்கு எங்கே, எப்படிப் போட்டுக்கொள்வது என்று இந்த மாணவர் சொல்லிக்கொடுப்பாரா என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு திறனுக்கும் ஒரு படிநிலை வைத்திருக்கிறார்கள்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், தானாகச் செய்வார். ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990இல் போட்டுக்காட்டிய பிரமிடிலிருந்து வந்த படிகள் இவை. மாணவரிடம் லாக் புக் இருக்கும். செய்ததைச் செய்ததாக ஆசிரியர் அதில் கையெழுத்துப் போடவேண்டும்.

அதோடு, படித்து வெளியே வருபவர் நோய் பார்ப்பவராக மட்டும் இருந்தால் போதாது, நர்ஸ் முதல் லேப் டெக்னீஷியன் வரை எல்லோரோடும் சேர்ந்து வேலை செய்பவராக, புரியும்படி பேசுபவராக, வாழ்நாள் முழுக்கக் கற்பவராக, தொழில் நெறி உள்ளவராக இருக்க வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. மனப்பாங்கு, நெறி, உரையாடல் மூன்றையும் சேர்த்து முதல் வருடத்திலிருந்தே தனி வகுப்புகள் உண்டு. மாணவர்கள் அதை "ஏட்காம்" என்பார்கள். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது, நோயாளியின் சம்மதம் என்றால் என்ன, தவறு நடந்தால் ஒளிக்காமல் எப்படிப் பேசுவது எல்லாம் அதில் வரும். பின்னால் குடும்பத் தத்தெடுப்புத் திட்டமும் சேர்ந்தது. முதல் வருடத்திலேயே மாணவர் சில குடும்பங்களை ஏற்று, படிப்புக் காலம் நெடுக அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும்.

நல்லதாகத்தான் தெரிகிறது. ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகளிடம் ஏட்காம் வகுப்பு எப்படி என்று கேட்டேன். "அது மதியம் மூணு மணி கிளாஸ் மாமா" என்றாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை.

1946லேயே சொன்னதுதான்

மருத்துவர் மக்களோடு இருக்க வேண்டும் என்பதை 2019இல் யாரோ கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் கொடுத்த அறிக்கையே, நமக்கு வேண்டியவர் "சமூக மருத்துவர்" என்றது. நோய்த் தடுப்பிலும் சமூக மருத்துவத்திலும் மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றது. அதே குழுதான் எம்.பி.பி.எஸ்.ஸைவிடக் குறுகிய எல்.எம்.பி. என்ற மருத்துவப் படிப்பை நிறுத்தச் சொன்னது. அன்றைக்கு நாட்டில் பதிவு செய்த மருத்துவர்கள் சுமார் 47,500 பேர். அவர்களில் கிட்டத்தட்ட 30 ஆயிரம் பேர் இந்த எல்.எம்.பி.க்காரர்கள். நம் தாத்தா பாட்டிகள் சொல்லும் "எல்.எம்.பி. டாக்டர்" இவர்தான். சைக்கிளிலோ மாட்டு வண்டியிலோ வந்து திண்ணையில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தவர். எல்லோரும் ஒரே தரத்தில் படிக்கட்டும் என்ற எண்ணம் நியாயமானது. ஆனால் கிராமத்துக்கு ஆள் கிடைக்காது என்று குழுவுக்குள்ளேயே சில உறுப்பினர்கள் மாற்றுக்கருத்து எழுதினார்கள். அவர்கள் பயந்ததுதான் நடந்தது.

1975இல் ஸ்ரீவஸ்தவ் குழு ஏறக்குறைய அதே பாட்டைத் திரும்பப் பாடியது. மருத்துவக் கல்வி பெரிய மருத்துவமனையைச் சுற்றியே நடக்கிறது, ஊரைப் பார்க்கத் திருப்ப வேண்டும் என்றது. அதையொட்டி 1977இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. வேன் போனது, போட்டோ எடுத்தார்கள், கொஞ்ச வருடத்தில் மங்கிப்போனது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரில் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளிதான் 1942இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக வளர்ந்தது. அங்கே படித்தவர்கள் படிப்பு முடிந்து சிறிய மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. ஊரில் போய்த் தனியாக நிற்கப்போகிறோம் என்று முதல் வருடத்திலேயே தெரிந்தவர் படிக்கும் விதமே வேறாக இருக்கும். பிரசவம் பார்க்கும் இடத்தில் பின் வரிசையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அவரால் வந்துவிட முடியாது.

பரீட்சை எதைக் கேட்கிறது

ஏன் குழு சொன்னதெல்லாம் குழுவோடு போகிறது? மாணவர்கள் புத்திசாலிகள், எதற்கு மதிப்பெண் உண்டோ அதைப் படிப்பார்கள். எங்கள் காலத்துப் பத்தாம் வகுப்பிலும் அதுதான் நடந்தது.

முதுநிலைப் படிப்புக்கான நீட் தேர்வில் 200 கேள்விகள், 800 மதிப்பெண், மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிக்கப்படும். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவருக்குச் சமூகத்தில் என்ன மரியாதை என்பது கல்யாணத் தரகரைக் கேட்டால் தெரியும். ஆகவே ஹவுஸ் சர்ஜன் வருடம் கையில் வேலை பழகும் வருடமாக இருப்பதில்லை. மாணவர் டூட்டிக்கு வருவார், ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவார், ரிப்போர்ட்டுக்கு அலைவார், ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லையென்றால் தள்ளுவார், மிச்ச நேரத்தில் வார்டின் ஒரு மூலையில் போனில் கேள்வி வங்கியைத் திறந்து வைத்துக்கொள்வார். அவரைத் திட்டிப் பயனில்லை. கையெழுத்துப் போட வேண்டிய லாக் புக்கை ஒரே நாளில் நிரப்பி ஒரே நாளில் கையெழுத்து வாங்கும் கலை எல்லாக் கல்லூரியிலும் உண்டு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கல்லூரித் தேர்வு மட்டும் என்ன? இறுதி ஆண்டில் "லாங் கேஸ்" என்று ஒன்று உண்டு. மாணவரை ஒரு நோயாளியிடம் விட்டுவிடுவார்கள். அவர் தனியாக உட்கார்ந்து விவரம் கேட்டு, உடலைப் பரிசோதித்து எழுதி வைத்துக்கொள்வார். அப்புறம் தேர்வாளர் வந்து, எழுதியதைச் சொல்லச் சொல்லிக் கேள்வி கேட்பார். மாணவர் எப்படிக் கேட்டார், நோயாளி சொல்லும்போது காது கொடுத்தாரா, வயிற்றைத் தொடுமுன் கையைச் சூடாக்கிக்கொண்டாரா, பெண் நோயாளி என்றால் திரையை இழுத்துவிட்டாரா, எதையும் தேர்வாளர் பார்ப்பதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேர்வுக்கென்றே வரவழைக்கப்படும் பழைய நோயாளிகளுக்கு மாணவரைவிட அதிகம் தெரியும். "தம்பி, எனக்கு மைட்ரல் ஸ்டெனோசிஸ். இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறேன், இங்க வச்சுக் கேளு, நல்லா கேக்கும்" என்று அவரே சொல்லிவிடுவார்.

இந்தக் குறையைத் தீர்க்க ஸ்காட்லாந்தில் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் ஒரு வழி சொன்னார். தேர்வைச் சின்னச் சின்ன நிலையங்களாகப் பிரித்துவிட வேண்டும். ஒரு மேசையில் பிரஷர் பார்க்க வேண்டும், அடுத்ததில் ஒரு தாய்க்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கச் சொல்லித்தர வேண்டும், இன்னொன்றில் எக்ஸ்ரே. ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம், மணி அடித்தால் அடுத்த மேசை. எல்லா இடத்திலும் ஒருவர் அருகிலிருந்து பார்த்து மதிப்பெண் போடுவார். நம் கல்லூரிகளிலும் இது நுழைந்திருக்கிறது. ஆனால் ஆள் நிறைய வேண்டும், தயாரிப்பு நிறைய வேண்டும்.

2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் "நெக்ஸ்ட்" என்ற பொதுத் தேர்வைக் கொண்டுவரச் சொன்னது. அது இரண்டு கட்டம். முதல் கட்டம் கேள்வித்தாள், இரண்டாவது ஹவுஸ் சர்ஜன் முடிந்த பிறகு செய்முறை. அந்த இரண்டாம் கட்டத்தை ஒழுங்காக நடத்தினால் மாணவர்கள் வார்டுக்கு ஓடுவார்கள் என்று பலர் நம்பினார்கள். 2023 ஜூலையில் அது ஒத்திவைக்கப்பட்டது. அதற்குத் தமிழ்நாடு அரசும் மாணவர்களும் எதிர்ப்பு தெரிவித்ததற்கு வேறு நியாயங்கள் உண்டு; மாநிலப் பல்கலைக்கழகத் தேர்வின் மேல் இன்னொரு பொதுத் தேர்வு எதற்கு என்பது சில்லறைக் கேள்வி அல்ல.

ஒரு கண்ணாடிக் குழாயும் இருபது நிமிடமும்

சரி, கையில் என்னதான் இருக்க வேண்டும்? எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் பாம்புக்கடி.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து மக்கள். தமிழ்நாடு 2024 நவம்பரில் இதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து.

இரவு பதினொரு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வயல் வரப்பில் கால் வைத்தபோது ஏதோ கடித்தது. பணியில் இருப்பது போன மாதம் வேலைக்குச் சேர்ந்த டாக்டர், ஒரு நர்ஸ், அவ்வளவுதான். பெரிய லேப் இல்லை. அங்கே உயிர் காக்கும் பரிசோதனைக்கு வேண்டியது காய்ந்த, சுத்தமான ஒரு கண்ணாடிக் குழாய். இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து அதில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலை செய்கிறது, மருந்தைத் தொடங்க வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத் தூள் போட்டுக் கழுவியிருந்தாலோ முடிவு தவறும். இந்தக் கடைசி விஷயம் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும். ஆனால் எந்த அலமாரியில் கண்ணாடிக் குழாய் இருக்கிறது என்று டூட்டியில் ஏறிய முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வது புத்தகத்தில் வராத பழக்கம்.

கட்டு விரியன் இன்னும் மோசம். தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும், தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் "வயித்து வலி" என்று வருவார். இமை கொஞ்சம் கனத்துத் தொங்கும். நேற்று எங்கே படுத்திருந்தீர்கள் என்று கேட்கத் தெரிந்த டாக்டர் பிழைக்கவைப்பார். கேட்காதவர் வயிற்று வலிக்கு ஊசி போட்டு அனுப்புவார், மூச்சுத் தசைகள் செயலிழக்கும்போது நோயாளி பஸ்ஸில் இருப்பார். இன்னொன்று: விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்து ஏற்றுவதில்லை. மற்ற எல்லா மருந்தையும் எடைக்குத் தக்கபடி கணக்குப் போட்டுப் பழகிய இளம் டாக்டரின் கை இங்கே தயங்கும். மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும், அதனால் அட்ரினலின் ஊசி பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மூத்தவர் பக்கத்தில் இருக்க இவரே செய்திருந்தால் போதும்.

பூச்சி மருந்து குடித்தவர், அரளி விதை அரைத்துக் குடித்தவர், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத பெண், வலிப்பு நிற்காத குழந்தை. எனக்குத் தெரிந்த டாக்டர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் சொல்கிறார்கள். அபூர்வ நோய்க்குறிகள் இருநூறை மனப்பாடம் செய்த நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம் என்பார்கள்.

நோயாளியின் தமிழ்

2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இந்தியில் எம்.பி.பி.எஸ். பாடநூல்கள் வெளியானபோது, தமிழில் ஏன் கூடாது என்று இங்கேயும் பேச்சு கிளம்பியது. புதுமை ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு முதல் பிரசவ வைத்தியம் வரை தமிழில் நூல்களை ஆக்கி அச்சிட்டார். நாம் சுமார் ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் பார்வையில் பாடநூலின் மொழியைவிட முதலில் கவனிக்க வேண்டியது நோயாளியின் மொழி. "நெஞ்சு கரிக்குது" என்பது ஒன்று, "நெஞ்சு அடைக்குது" என்பது வேறு, "படபடன்னு வருது" இன்னொன்று. "இழுப்பு" என்று ஒருவர் மூச்சிரைப்பைச் சொல்வார், இன்னொருவர் வலிப்பைச் சொல்வார். "வாயு" என்றால் முதுகுப் பிடிப்பும் இருக்கலாம், மாரடைப்பும் இருக்கலாம். "தலைக்குக் குளிச்சு எத்தனை நாள் ஆச்சு" என்று கேட்டால் கிராமத்துப் பெண் மாதவிலக்குத் தேதியைச் சொல்வார். அதையே நேரடியாகக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். வட்டாரத்துக்கு வட்டாரம் இது மாறும்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020இல் கொண்டுவந்தபோது, இவர்கள் ஆங்கிலப் பாடப் புத்தகத்தை எப்படிச் சமாளிப்பார்கள் என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. முதல் வருடம் சிரமம்தான். ஆனால் வார்டில் நிலைமை தலைகீழ். கொல்லிமலையிலிருந்து வந்த பாட்டி சொல்வது அவர்களுக்குத்தான் முதலில் விளங்கும். மேல்நாட்டுப் பாணிப் பள்ளியில் படித்த நகரத்துப் பிள்ளைகளுக்கும், அகில இந்திய ஒதுக்கீட்டில் வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் வார்டு ஆயாக்களும் நர்ஸ்களும்தான். சம்பளப் பட்டியலில் அவர்கள் ஆசிரியர்களாக இல்லை. ஏட்காம் வகுப்பில் மாதத்துக்கு ஒரு நாள் ஒரு மூத்த நர்ஸை உட்காரவைத்தால் என்ன?

சாவும் ஒரு பாடம்

இறப்புச் சான்றிதழ் எழுதுவது பெரும்பாலும் வார்டிலேயே இளையவர் தலையில் விழும் வேலை. காரணம் என்ற இடத்தில் "கார்டியோ பல்மனரி அரெஸ்ட்" என்று எழுதிவிடுவார்கள். இதயமும் மூச்சும் நின்றது என்று பொருள். யார் செத்தாலும் அது நிற்கத்தான் செய்யும். படிவம் கேட்பது வேறு: உடனடிக் காரணம் என்ன, அதற்கு முந்தியது என்ன, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது என்ன. காலில் புண், அது சீழ்பிடித்து ரத்தத்தில் கிருமி பரவியது, அடியில் பல வருடச் சர்க்கரை நோய் என்று படிப்படியாக எழுதினால்தான் அந்த ஊரில் சர்க்கரை நோய் எத்தனை பேரைக் கொல்கிறது என்று அரசுக்குத் தெரியும். இந்தியாவில் 2020இல் பதிவான மரணங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. இருக்கும் அந்தக் கொஞ்சத்திலும் "இதயம் நின்றது" என்று எழுதினால் என்ன செய்வது?

சாகப்போகிறவருக்கு என்ன செய்வது என்பதும் நெடுங்காலம் பாடத்தில் இல்லை. 2019 பாடத்திட்டத்தில் வலி நிவாரணமும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இடம்பெற்றன. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் சிறிதாகத் தொடங்கிய நோய்த்தணிப்பு முயற்சி கேரளம் முழுக்கப் பரவியிருந்ததால் இது சாத்தியம் என்று காட்ட ஆள் இருந்தது. 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் கிடைப்பதே அரிதாகி, ஒரு தலைமுறை டாக்டர்கள் அதைத் தொட்டுப் பார்க்காமலே படித்து முடித்தார்கள். 2014 திருத்தம் அதைத் தளர்த்தியது. சட்டம் தளர்ந்தது, கை தளரவில்லை. புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் எழுத இன்றும் தயங்குகிறவர்கள் பலர், ஏனென்றால் அவர்களின் ஆசிரியர் எழுதி அவர்கள் பார்த்ததில்லை.

கற்றதை மறப்பது

எல்லாமே சேர்ப்பது பற்றிய பேச்சு அல்ல. நீக்க வேண்டியதும் உண்டு. பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களிடம் செய்யப்பட்டுவந்த "இரு விரல் சோதனை"க்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபர் 31இல் மீண்டும் அழுத்திச் சொன்னது. அதைச் செய்கிறவர் நடத்தைத் தவறு இழைத்தவராவார் என்றது. மருத்துவப் பாடத்திட்டத்தையே சரிபார்க்கும்படியும் உத்தரவிட்டது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2021இல், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒருபாலீர்ப்பு உடையவர்கள் தொடர்பான ஒரு வழக்கில், தனக்கே இது பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் மருத்துவப் பாடநூல்களில் இருந்த இழிவான பகுதிகளைத் திருத்தும் வேலை தொடங்கியது.

அப்படியிருக்க, 2024 ஆகஸ்ட் கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய வழிகாட்டுதல்களில் தடயவியல் மருத்துவப் பகுதியில் பெண்ணோடு பெண் உறவு மறுபடியும் "இயற்கைக்கு மாறான குற்றம்" என்ற பட்டியலில் ஏறியிருந்தது. கன்னித்தன்மை பற்றிய பழைய பாடமும் திரும்ப வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்று, செப்டம்பரிலேயே திருத்தி வெளியிட்டார்கள். திருத்தியது சரி. ஆனால் எப்படி ஏறியது? பழைய கோப்பிலிருந்து நகலெடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். மருத்துவக் கல்வியில் பழையது ஒன்றைத் துரத்துவது புதியதை நுழைப்பதைவிடக் கஷ்டம் என்று இதிலிருந்து தெரிகிறது. புத்தகத்தில் நீக்கினாலும் முப்பது வருடமாக அதை நடத்திவந்த ஆசிரியரின் பழைய நோட்ஸில் அது இருக்கும்.

பக்கத்தில் நிற்பவர்

2014இல் நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 51 ஆயிரம். இப்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அரியலூர், ராமநாதபுரம், நீலகிரி போன்ற மாவட்டங்களுக்குக் கல்லூரி வந்தது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கட்டடம் கட்டும் வேகத்தில் ஆசிரியர் உருவாவதில்லை. ஒரு கட்டிலைச் சுற்றி இருபது மாணவர்கள் நின்றால், முன் வரிசை ஐந்து பேர் மண்ணீரலைத் தொட்டுப் பார்ப்பார்கள், நடு வரிசை ஆசிரியர் சொல்வதைக் கேட்கும், கடைசி வரிசை போனைப் பார்க்கும். ஆறாவது ஆள் தொடும்போது நோயாளிக்கே வலிக்க ஆரம்பித்திருக்கும்.

அதனால்தான் அந்தக் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தை நான் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். அங்கே கூட்டம் இல்லை. ஒரு வீடு, ஒன்றிரண்டு மாணவர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" மூலம் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே வீடுகளுக்குத்தான் மாணவரும் போகிறார். என் அக்கா மகளுக்குக் கிடைத்த மூன்று வீடுகளில் ஒன்றில் அறுபது வயது அம்மா ஒருவர். மாத்திரை அட்டை பாதிக்கு மேல் அப்படியே இருந்ததைப் பார்த்து இவள் ஏன் என்று கேட்டிருக்கிறாள். "போட்டா மயக்கமா வருது கண்ணு, அதான் நிறுத்திட்டேன்" என்றாராம்.

"நீ என்ன எழுதின?" என்று கேட்டேன். லாக் புக்கில் பிரஷர் அளவு எழுத ஒரு கட்டம் இருக்கிறதாம், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அவள் "இல்லை"யில் டிக் அடித்துவிட்டு வந்துவிட்டாள். எங்கள் அம்மாவின் கதையை அவளுக்கு அப்போதுதான் சொன்னேன். அடுத்த விசிட் இரண்டு மாதம் கழித்து. அந்த அம்மாவின் போன் நம்பர் யாரிடமாவது இருக்குமா என்று அன்று மாலையே தேடிக்கொண்டிருந்தாள்.